பேராயருக்கு எழுதுவது: பாளையங்கோட்டையில் அன்றும் இன்றும்

பாளையங்கோட்டை சபையின் முதல் பதிவேட்டில் 40 பேர் இருந்தார்கள். ஆண்டு 1780. அந்தச் சபைக்கு ஒரு குறை வந்தால் எழுதிப் போடுவதற்குப் பேராயர் என்று யாரும் கிடையாது. பாளையங்கோட்டையில் மட்டுமில்லை, இந்தியா முழுவதற்குமே ஆங்கிலிக்கன் பேராயர் ஒருவரும் அப்போது இல்லை. முதல் ஆள் கல்கத்தாவில் வந்து இறங்க இன்னும் 34 வருஷம் பாக்கி இருந்தது.

இன்று அதே பாளையங்கோட்டையில் திருமண்டல அலுவலகம் இருக்கிறது. நாங்குநேரிப் பக்கத்துச் சேகரம் ஒன்றிலிருந்து ஐயர் காலையில் பைக்கை எடுத்தால், பேராயரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். அவசரமென்றால் வாட்ஸ்அப் இருக்கிறது. ஒரு போதகர் தன் சபையைப் பற்றித் தன் பேராயருக்கு மனம் விட்டு எழுதுவது இதனால் கூடியிருக்க வேண்டும். குறைந்துவிட்டது என்பதுதான் என் கட்சி. பேராயர் எட்டாத தூரத்தில் இருந்த காலத்தில் பக்கம் பக்கமாக எழுதினார்கள். கூப்பிடு தூரத்துக்கு வந்த பிறகு படிவம் பூர்த்தி செய்கிறார்கள்.

சபை நடத்துவது எப்படி என்று கடிதம் எழுதிய பழக்கம் பொருநைக் கரைக்குப் புதிதில்லை. ஆறு கடலில் கலக்கும் புன்னைக்காயல் பக்கம் 1544-லேயே அது நடந்தது. முத்துக்குளித்துறைப் பரதவர்களிடையே வேலை செய்த பிரான்சிஸ் சவேரியார், தன் உதவியாளர் பிரான்சிஸ்கோ மான்சிலாசுக்கு அந்த ஆண்டு முழுவதும் கடிதம் மேல் கடிதம் அனுப்பினார். கடலோரத்தில் ஒரு ஊரில் அவர், இன்னொரு ஊரில் இவர். ஜனங்களிடம் பொறுமையாக இரு, பிறந்த பிள்ளைக்கு ஞானஸ்நானம் தாமதிக்காதே, பையன்களுக்கு ஜெபம் சொல்லிக்கொடு என்பது போன்ற சின்னச் சின்னக் கட்டளைகள். வடுகர் படை வந்து குமரி முனைப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் கடல் பாறைகளுக்கு ஓடியபோது தோணிகளில் சாப்பாடு ஏற்றிக்கொண்டு போன கதையும் அந்தக் கடிதங்களில்தான் இருக்கிறது. சவேரியார் பேராயர் இல்லைதான். ஆனால் மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குச் சபை நிர்வாகம் சொல்லிக்கொடுத்த கடிதங்களில் நம் சீமையில் இவையே மூத்தவை. இவற்றில் கணக்கு வழக்கு குறைவு, ஆட்கள் அதிகம்.

மறுபடியும் 1780-க்கு வருவோம். அந்த 40 பேரில் முக்கியமானவர் கிளாரிந்தா அம்மாள், தஞ்சாவூரிலிருந்து வந்த பிராமண விதவை. 1778-ல் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் கையால் ஞானஸ்நானம் பெற்றவர். 1785-ல் கோட்டைக்குள் அவர் முன்நின்று கட்டிய சிறு கோவிலை ஊர் இன்றும் பாப்பாத்தி அம்மாள் கோவில் என்கிறது. எங்களுக்கு ஒரு உபதேசியாரை அனுப்புங்கள் என்று சுவார்ட்சைக் கேட்டவரும் அந்த அம்மாள்தான். சுவார்ட்ஸ் அனுப்பிய சத்தியநாதன் என்ற தமிழர் 1790 டிசம்பர் 26 அன்று தஞ்சாவூரில் குருப்பட்டம் பெற்றார். பட்டம் கொடுத்தது லுத்தரன் முறைப்படி, சக மிஷனரிகளின் கைகள். பேராயர் இல்லாமலே குரு உண்டானார். அந்தச் சமயத்தின் பிரசங்கத்தை லண்டனில் எஸ்.பி.சி.கே. சங்கம் அச்சிட்டு மகிழ்ந்தது. பேராயர் கை படாத பட்டத்தை ஆங்கிலிக்கன் சங்கம் ஒன்று தலையில் வைத்துக் கொண்டாடிய இந்த விஷயம் பின்னால் நமக்குத் தேவைப்படும்.

1814-ல் கல்கத்தாவுக்கு வந்த முதல் பேராயர் மிடில்டனுக்கு இலங்கை வரைக்கும் அதிகாரம் இருந்தது, ஒரு தமிழனுக்குப் பட்டம் கொடுக்க மட்டும் இல்லை. தன் நியமன சாசனம் இந்தியர்களைப் பற்றிப் பேசவில்லை என்பது அவர் கட்சி. 1816-ல் அவர் பாளையங்கோட்டை வழியாகவும் வந்து போனார். சட்டம் திருந்திய பிறகு, 1824-ல் பேராயர் ஹீபர்தான் கிறிஸ்டியன் தாவீது என்ற தமிழருக்குப் பட்டம் கொடுத்தார். அவர் யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்துகொண்டிருந்த சுவார்ட்சின் மாணவர். தமிழன் ஒருவன் குருவாக வேண்டுமானால் கப்பலேறிக் கல்கத்தா போக வேண்டும் என்பதே அன்றைய நிலை. பேராயருக்குக் கடிதம் என்பது வெறும் கடிதமாக இருக்க முடியாத காலம் அது. பிழைப்பும் அதிகாரமும் சபையின் எதிர்காலமும் அந்த உறைக்குள் போயின.

இதற்கு ரேனியஸ் ஐயர் கதையை விடப் பெரிய சாட்சி இல்லை.

சார்லஸ் ரேனியஸ் பிரஷ்யக்காரர், லுத்தரன் பட்டம் பெற்றவர், சி.எம்.எஸ். சங்கத்தின் சம்பளத்தில் 1820 ஜூலையில் பாளையங்கோட்டைக்கு வந்தவர். தமிழ் இலக்கணம் எழுதினார், புதிய ஏற்பாட்டைத் திருத்தினார், கிராமம் கிராமமாகச் சபை உண்டாக்கினார். ஜெர்மானியப் பிரபு ஒருவரின் பெயரைத் தாங்கிய டோனாவூர் அப்படி வந்த ஊர். 1826 ஜூன் 26 அன்று அவர் திறந்த கோவில்தான் இன்று ஊசிக்கோபுரம் என்று திருநெல்வேலி முழுக்கத் தெரிந்த பேராலயம். கோபுரம் பின்னால் 1845-ல் வந்தது. ஜமீனும் மிராசுதாரரும் புதுக் கிறிஸ்தவர்களை நிலத்தை விட்டு விரட்டியபோது நிலம் வாங்கிக் குடியமர்த்த 1830-ல் தரும சங்கம் ஆரம்பித்தார்.

அவர் சபை நடத்திய விதத்தில் கடிதத்துக்குப் பெரிய இடம் இருந்தது. கிராமங்களில் இருந்த உபதேசியார்கள் மாதம் ஒரு தடவை பாளையங்கோட்டையில் கூடுவார்கள். தங்கள் ஊரில் என்ன நடந்தது என்று சொல்லுவார்கள். அவர் கேட்பார், பாடம் நடத்துவார், பிரசங்கக் குறிப்பு கொடுத்து அனுப்புவார். யார் மறுபடி பேய்க்கோவிலுக்குப் போனார், எந்த ஊரில் பனை ஏறும் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு ஆள் வரவில்லை, எந்தக் குடும்பத்தில் காலரா என்பதெல்லாம் அந்தக் கூட்டத்தில் அவர் காதுக்கு வந்துவிடும். அதை வைத்து அவர் நாட்குறிப்பும் கடிதமும் எழுதி மதராசுக்கும் லண்டனுக்கும் அனுப்புவார். ஓலையில் தொடங்கிய செய்தி காகிதத்தில் ஏறிக் கப்பலில் போகும். பனங்காட்டு உபதேசியார் பார்த்தது லண்டனில் அச்சாகும். நடுவில் கல்கத்தாப் பேராயர் என்று ஒருவர் இருப்பதே பல வருஷம் யாருக்கும் உறுத்தவில்லை.

சபைகள் பெருகின, குருமார் போதவில்லை. தன்னோடு வளர்ந்த உபதேசியார்கள் சிலருக்குப் பட்டம் கொடுக்க வேண்டும் என்றார் ரேனியஸ். கொடுக்கலாம், ஆனால் ஆங்கிலிக்கன் பேராயர் கையால்தான் என்றது சங்கம். எனக்குக் கைவைத்தவர்கள் பேராயர்கள் இல்லையே, என்னை எப்படி அனுப்பினீர்கள் என்பது அவர் கேள்வி. சத்தியநாதன் பட்டத்தை லண்டனில் அச்சிட்டுக் கொண்டாடினீர்களே என்றும் கேட்டிருக்கலாம். ஆண்டுக்கணக்கில் பாளையங்கோட்டைக்கும் மதராசுக்கும் கல்கத்தாவுக்கும் லண்டனுக்கும் கடிதங்கள் நடந்தன. போதாததற்கு இங்கிலாந்துத் திருச்சபையின் முறைகளை விமர்சித்து 1834-ல் ஒரு சிறு நூலும் எழுதினார். 1835-ல் சங்கம் அவரை விலக்கியது. ஷாஃப்டர், முல்லர், லெக்லர் மூவரும் அவரோடு வெளியேறினார்கள். ஆர்க்காட்டுக்குப் போனவரை உபதேசியார்கள் கடிதம் எழுதித் திரும்பக் கூப்பிட்டார்கள். அதே ஆண்டில் வந்துவிட்டார். ஒரே ஊரில் இரண்டு கட்சி, ஒரே கிராமத்தில் இரண்டு ஜெபக்கூடம். 1838 ஜூன் 5-ல் அவர் இறந்த பிறகுதான் பிளவு மெல்ல ஆறியது.

நியாயம் யார் பக்கம் என்பதை இறையியல்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும். எனக்குப் படுவது வேறு. தன் மேலதிகாரியிடம் இப்படி எழுதினால் வேலை போகும் என்று தெரிந்தே ஒருவர் எழுதினார். மறைக்கவில்லை, மொட்டையாக எழுதவில்லை, நகல் எடுத்துப் பத்திரிகைக்குக் கசியவிடவில்லை. பெயர் போட்டு எழுதினார். அவருக்கு எதிர்க்கட்சியில் நின்றவரும் அப்படியே. கடாட்சபுரத்தில் நெடுங்காலம் குருவாக இருந்த யோவான் தேவசகாயம் ஐயர், தென்னிந்தியாவில் சி.எம்.எஸ். சபையின் முதல் தமிழ்க் குரு, 1830-ல் பேராயர் டர்னரிடம் பட்டம் பெற்றவர். ரேனியஸ் தகராறில் சங்கத்தின் பக்கமே நின்றார். 1864-ல் இறக்கும்வரை அவர் எழுதிய நாட்குறிப்புகளும் கடிதங்களும் சங்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. ஒரு தமிழ்க் குரு தன் சபையின் நல்லது கெட்டதை ஆங்கிலத்தில் விஸ்தாரமாக எழுதி வைத்த மிகப் பழைய பதிவுகளில் அவையும் உண்டு.

மதராசுக்குத் தனிப் பேராயர் வந்தது 1835-ல். முதல்வர் கோரி இரண்டே வருஷத்தில் இறந்தார். அடுத்த ஸ்பென்சர் 1840-41-ல் திருவிதாங்கூரையும் திருநெல்வேலியையும் சுற்றிப்பார்த்து, அந்தப் பயணக் குறிப்பைப் புத்தகமாகவே போட்டார். பேராயர் வருகிறார் என்றால் திடப்படுத்தலுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வது, பட்டியல் எழுதுவது, வழிநெடுகத் தங்க ஏற்பாடு என்று ஐயர்மாருக்கு மாதக்கணக்கில் வேலை. பல்லக்கும் மாட்டுவண்டியும்தான் வாகனம். வந்து போனால் மறுபடி எப்போது என்று தெரியாது. தபாலோ ஓட்டக்காரர் தோளில் வந்தது. கம்பெனித் தபாலுக்குச் சட்டம் வந்தது 1837-ல், அரையணாத் தபால்தலை 1854-ல், ரயில் திருநெல்வேலிக்கு வந்தது 1876-ல். கேள்வி போய் பதில் வருவதற்குள் பஞ்சமோ கலகமோ திருமணத் தகராறோ தானே தீர்ந்திருக்கும். அதனால் ஐயர் தீர்மானம் எடுத்துவிட்டுத்தான் எழுதுவார். அனுமதி கேட்கும் கடிதமாக அது இருப்பதில்லை. நடந்ததைச் சொல்லி, நான் செய்தது சரிதானா என்று கேட்கும் கடிதமாக இருக்கும். மனுஷனுடைய புத்தி எப்படி வேலை செய்தது என்று அதில்தான் தெரியும்.

இன்னொரு காரணமும் உண்டு. சம்பளம் ஓரிடம், அதிகாரம் ஓரிடம். பட்டமும் லைசென்சும் பேராயர் கையில், பணமும் பணியிடமும் சங்கத்தின் கையில். இரண்டு எஜமான் இருந்தால் கஷ்டம்தான், ஆனால் ஒருவர் கோபித்தால் இன்னொருவரிடம் போகலாம். இந்த இழுபறி உச்சத்துக்குப் போனது நமக்கு அக்கரையில். இலங்கை மலைத்தோட்டத் தமிழர்களுக்கான தமிழ்க் கூலி மிஷன் 1850-களில் திருநெல்வேலி உபதேசியார்களைக் கொண்டு ஆரம்பித்தது. 1876-ல் கொழும்புக்கு வந்த இளவயதுப் பேராயர் கோப்பிள்ஸ்டன், அந்த மிஷனைத் தன் கட்டுப்பாட்டில் வைக்கப் பார்த்து, மறுத்த சி.எம்.எஸ். மிஷனரிகளின் லைசென்சைப் பறித்தார். இங்கிலாந்துப் பேராயர்களின் யோசனை வந்து 1880-ல்தான் அது அடங்கியது. காப்பித் தோட்டத்து லயத்தில் ஜெபம் நடத்திய நம்மூர் உபதேசியாருக்கு இந்தச் சண்டையில் ஒரு வரி எழுதவும் இடமில்லை.

அதைச் சொல்லாமல் அந்தக் காலத்தைப் புகழக் கூடாது. பேராயருக்கு எழுதும் உரிமை அன்று யாருக்கு இருந்தது? வெள்ளைக்கார மிஷனரிக்கு இருந்தது, யோவான் தேவசகாயம் போன்ற ஒன்றிரண்டு தமிழ்க் குருமாருக்கு இருந்தது. உபதேசியார் சொன்னது மிஷனரியோடு நின்றுவிடும். மேலே போக வேண்டுமானால் அவர் கையால், அவர் மொழியில், அவர் நினைத்தபடி போகும். மிஷனரியே தப்பு செய்தால்?

மூக்குப்பீறி உபதேசியார் அருமைநாயகம் என்ற சட்டம்பிள்ளைக்கு வந்த பிரச்சினை அதுதான். சாயர்புரத்தில் படித்தவர், கெட்டிக்காரர். நாசரேத் மிஷனரி காமரர் ஐயரோடு மோதல், 1850 வாக்கில் வேலை போயிற்று. அதே சமயத்தில் கால்டுவெல் எழுதிய ‘திருநெல்வேலிச் சாணார்கள்’ என்ற 1849-ஆம் ஆண்டு ஆங்கிலச் சிறுநூல் அவர் கண்ணில் பட்டது. தன் நாடார் ஜனத்தைப் பற்றித் தன்னை மேய்க்க வந்தவர்களே வெளியே என்ன எழுதி அனுப்பியிருக்கிறார்கள் என்று அவருக்கு அப்போது விளங்கியது. 1857-ல் வெள்ளைக்காரர் பணமும் வேண்டாம், பேராயரும் வேண்டாம் என்று தனிச் சபை கண்டார். சனிக்கிழமை ஓய்வுநாள், தூபம், பழைய ஏற்பாட்டு முறைகள். இந்து கிறிஸ்தவ சபை என்று அறியப்பட்ட அது நாசரேத்தை ஒட்டிய பிரகாசபுரத்தில் இன்றும் நடக்கிறது. கால்டுவெல் பேராயரான பிறகும் அந்த நூலின் நிழல் அவரை விடவில்லை. அவரைத் திரும்ப அழைக்கக் கோரி 1880-களில் நாடார் பிரமுகர்கள் இங்கிலாந்து வரை மனு அனுப்பினார்கள். கால்டுவெல் 1841-ல் இடையன்குடிக்கு வந்தவர், அந்த ஊர்க் கோவிலை 33 வருஷம் பொறுமையாகக் கட்டியவர், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தால் தமிழுக்கு நன்றிக்குரியவர் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் சட்டம்பிள்ளை அந்த நூலைப் பார்த்த நாள், ஜனங்கள் தங்களைப் பற்றி எழுதப்பட்டதைப் படிக்கத் தொடங்கிய நாள். மேய்ப்பர் மேலே எழுதும் கடிதத்தை ஆடுகள் வாசிக்காது என்ற நம்பிக்கை அன்றோடு போயிற்று.

என் கணக்கில் பெரிய திருப்பம் 1877 மார்ச் 11. கல்கத்தாவில் ஒரே நாளில் இரண்டு திருநெல்வேலிக்காரர்கள் பேராயர்களாக அபிஷேகம் பெற்றார்கள், எஸ்.பி.ஜி. சங்கத்தின் பக்கம் கால்டுவெல்லும் சி.எம்.எஸ். பக்கம் சார்ஜென்ட்டும். இருவரும் மதராஸ் பேராயர் ஜெல்லுக்கு உதவிப் பேராயர்கள். சார்ஜென்ட் பாளையங்கோட்டையிலேயே இருந்தார், தமிழ் அவருக்கு வாய் நிறைய வரும். ஐயர்மாருக்கு நல்ல காலம், நடந்தே போய்ப் பேராயரைப் பார்க்கலாம். அதுவும் எப்படிப்பட்ட நேரம்! 1876-78 தாது வருஷப் பஞ்சத்தின்போது ஆயிரக்கணக்கானோர் சபைக்குள் வந்தார்கள், ஒவ்வொரு குருவும் திணறினார். எழுதி மதராசுக்கு அனுப்பிக் காத்திருக்க முடியாது. ஆனால் கூடவே ஒன்று நடந்தது. சங்கத்தின் மேற்பார்வையும் பேராயர் அதிகாரமும் ஒரே ஆளிடம் சேர்ந்தன. தேர்வு வைப்பவர், பட்டம் கொடுப்பவர், இடம் மாற்றுபவர், சம்பளத்தைத் தீர்மானிக்கும் கூட்டத்தின் தலைவர் எல்லாம் ஒருவரே. சார்ஜென்ட் நல்ல மனுஷர் என்பதால் உறுத்தவில்லை. நாற்காலி அப்படியே இருந்தது, ஆட்கள் மாறினார்கள்.

1896-ல் திருநெல்வேலி தனித் திருமண்டலமானது, முதல் பேராயர் சாமுவேல் மார்லி. ஏற்கெனவே உள்ளூர்ச் சபைகளின் மன்றங்கள் பணம் வசூலித்துக் குருமாருக்குச் சம்பளம் கொடுக்கப் பழகியிருந்தன. கைப்பிடி அரிசி, சங்கக் காணிக்கை, அறுப்பின் பண்டிகை ஏலம் எல்லாம் கணக்கில் ஏறின. கணக்கு வந்ததும் கடிதத்தின் முகம் மாறியது. இத்தனை பேர் ஞானஸ்நானம், இத்தனை பேர் திடப்படுத்தல், வசூல் இவ்வளவு, பாக்கி இவ்வளவு. இதைக் குறையாகச் சொல்லவில்லை. சொந்தக் காசில் நடக்கும் சபைக்குக் கணக்கு வேண்டும், வெளிநாட்டுச் சங்கத்தின் சம்பளத்தை விட அது ஆயிரம் மடங்கு மரியாதை. வெள்ளாளன்விளை ஐயர் தாமஸ் வேதநாயகத்தின் மகன் அசரியா, 1903-ல் இந்திய மிஷனரி சங்கம் உண்டாக முன்நின்றதும், 1912 டிசம்பர் 29-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராகத் தோர்ணக்கல்லுக்குப் போனதும் அந்தத் தன்மானத்தின் தொடர்ச்சிதான். அவர் பேராயராகக் கூடாது என்று மிஷனரிகள் சிலர் எதிர்த்தார்கள், நம் சீமைக் கிறிஸ்தவர்களும் எதிர்த்தார்கள். ஜாதி அதில் ஒரு காரணம். தெலுங்கு நாட்டுக்குப் பேராயரைக் கொடுத்த திருநெல்வேலி, தனக்கென்று ஒரு தமிழ்ப் பேராயரைப் பெற 1953 வரை, ஏ.ஜி. ஜெபராஜ் வரும்வரை காத்திருந்தது. 1947 செப்டம்பர் 27-ல் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) பிறந்த பிறகும் ஆறு வருஷம்.

இனி இன்றைக்கு வருவோம். சி.எஸ்.ஐ. அமைப்பில் பேராயர் தனிக்காட்டு ராஜா இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட பெருமன்றம், செயற்குழு, லே செயலர், குருத்துவச் செயலர், பொருளாளர், சேகரக் கமிட்டி என்று அடுக்கடுக்காக இருக்கிறது. மூன்று வருஷத்துக்கொரு தேர்தல். கோவில் மராமத்து, புதுக் கல்லறைத் தோட்டம், ஓலை வாசிக்காமல் அவசரக் கல்யாணம், பிரதிஷ்டை பண்டிகைக்குப் பேராயர் தேதி எல்லாவற்றுக்கும் விண்ணப்பம் உண்டு. சொத்து திருமண்டல டிரஸ்ட் அசோசியேஷன் பெயரில் இருப்பதால் ஒரு சுவர் விவகாரமும் பாளையங்கோட்டை வழியாகத்தான் போக வேண்டும். ஐயர் எழுதும் கடிதத்தின் மேலே மகா கனம் பேராயர் அவர்களுக்கு என்று இருக்கும், கீழே சேகர முத்திரை இருக்கும். நடுவில் இருப்பது யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கக் கூடிய நாலு வரி.

ஏன் இப்படி? எழுதத் தெரியாததாலா? இறையியல் பட்டம் வாங்கியவர்கள், ஞாயிறுதோறும் அரைமணி நேரம் பேசுகிறவர்கள். தயக்கம் வேறிடத்தில். பேராயருக்குத் தனியாக எழுதியது அலுவலகத்தில் பலர் கைக்குப் போகும் என்ற பயம் இருக்கிறது. காலையில் கொடுத்த கடிதத்தில் என்ன இருந்தது என்று சாயங்காலம் சேகரத்து டீக்கடையில் கேட்கிறார்களே என்பார்கள். கமிட்டியில் இந்தக் கட்சி, அந்தக் கட்சி. பள்ளிக்கூடத் தாளாளர் பதவியும் வேலை நியமனமும் பின்னால் நிற்கின்றன. ஐயர் ஒரு உண்மையை எழுதினால் அது யாருக்கோ சாதகம், யாருக்கோ பாதகம். அடுத்தது மாற்றல். பிள்ளைகள் பிளஸ் டூ படிக்கும் வருஷத்தில் மாற்றல் வந்தால் தாங்குமா? ரேனியசுக்கு ஆர்க்காடு என்ற ஒரு மாற்று இருந்தது. இன்றைய ஐயருக்கு மாற்றலைக் கொடுப்பதும் நீக்குவதும் ஓய்வூதியத்துக்குக் கையெழுத்துப் போடுவதும் ஒரே அலுவலகம்.

போதகர் எழுதாத இடத்தில் மற்றவர்கள் எழுதுகிறார்கள். மனு, ஆட்சேபனை, வக்கீல் நோட்டீஸ், பெயரில்லாத மொட்டைக் கடுதாசி. நகல் மாடரேட்டருக்கு, நகல் மாவட்ட ஆட்சியருக்கு, நகல் பத்திரிகைகளுக்கு. ஒரு விதத்தில் இது சட்டம்பிள்ளை ஜெயித்த கதை. சாதாரணச் சபையார் நேராகப் பேராயருக்கு எழுதலாம், பதில் வராவிட்டால் கோர்ட்டுக்குப் போகலாம். போகவும் செய்கிறார்கள். 2003-ல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்த தூத்துக்குடி – நாசரேத் திருமண்டலத்தை, நீதிமன்றம் நியமித்த ஓய்வு பெற்ற நீதிபதி நிர்வகித்த காலமும் வந்தது. நாசரேத்துப் பக்கத்து ஐயர் ஒருவர் சேகர விஷயமாக நீதிபதிக்கு எழுத நேர்ந்ததை மார்லி பேராயரால் கற்பனை செய்திருக்க முடியாது. 2023 ஜூனில் பாளையங்கோட்டை அலுவலக வளாகத்தில் கைகலப்பு ஆகி, போதகர் ஒருவர் அடிபட்ட செய்தி நாடு முழுக்கப் போயிற்று. பேச்சும் எழுத்தும் நின்ற இடத்தில் கை நீளுகிறது.

இன்றைய ஏற்பாட்டில் நல்லதே இல்லையென்று சொன்னால் அது பொய். மிஷனரி ஒருவர் மனம் வைத்தால் உபதேசியாரை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பலாம் என்ற நிலை போயிற்று. கணக்கு தணிக்கையாகிறது. ஏழை விதவையும் சபை வாக்காளர். பேராயர் ஒருவர் தப்பு செய்தால் கேட்க அமைப்பு இருக்கிறது. ரேனியஸ் காலத்தில் ஒரு கிராமத்தின் குரல் மேலே போனதெல்லாம் அவர் தயவில்தான். அதை நினைத்து யாரும் ஏங்க வேண்டாம்.

ஆனால் இழந்தது ஒன்று உண்டு. இன்றிலிருந்து 100 வருஷம் கழித்து வள்ளியூரிலோ சாத்தான்குளத்திலோ 2020-களில் ஒரு சபை எப்படி இருந்தது என்று ஒருவர் தேடினால் என்ன கிடைக்கும்? கொரோனாவில் கோவில் அடைத்திருந்த மாதங்களில் ஐயர் எப்படி அடக்கம் நடத்தினார், பனைத்தொழில் போன ஊரில் காணிக்கை எப்படி வந்தது, பெந்தெகொஸ்தே சபைக்குப் போன குடும்பங்களை அவர் எப்படிப் பார்த்தார், சென்னைக்கும் துபாய்க்கும் போன பிள்ளைகளின் பெற்றோர் தனியாக இருந்து இறந்ததை எப்படித் தாங்கினார்? வசூல் பட்டியல் இருக்கும், வழக்கு எண் இருக்கும். இது எதுவும் இருக்காது. 1840-களின் கடாட்சபுரத்தைப் பற்றி நமக்குத் தெரியும் அளவு, 2020-களின் கடாட்சபுரத்தைப் பற்றி நம் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாமல் போகலாம்.

பேராயர்களிடம் ஒரு விண்ணப்பம். ஒவ்வொரு சேகரத்து ஐயரிடமும் வருஷத்துக்கு ஒரு கடிதம் கேளுங்கள். படிவம் வேண்டாம், தலைப்பு வேண்டாம், அலுவலகப் பதிவு எண் வேண்டாம். அதில் எழுதியதற்காக மாற்றல் கிடையாது என்று முதலில் எழுத்தில் கொடுங்கள். பதிலும் நீங்களே எழுதுங்கள். சி.எம்.எஸ். தன் மிஷனரிகளிடம் ஆண்டுதோறும் இப்படி ஒரு கடிதம் வாங்கியது. அந்தக் கட்டுகள் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் பத்திரமாக இருக்கின்றன, எஸ்.பி.ஜி. காகிதங்கள் ஆக்ஸ்போர்டில். நம் சீமையின் கதையைப் படிக்க அங்கே போக வேண்டியிருக்கிறது.

சேகரக் கமிட்டியாருக்கும் ஐயர்மார் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். வெஸ்ட்ரி அலமாரியை வெள்ளையடிக்க ஒழிக்கும்போதும், தாத்தா ஐயரின் டிரங்குப் பெட்டியைத் திறக்கும்போதும் பழைய கடிதங்களை எடைக்குப் போடாதீர்கள். கரையான் அரித்ததாக இருந்தாலும் போட்டோ எடுத்து வையுங்கள். பாளையங்கோட்டைக் கல்லூரிகளிலோ மதுரை இறையியல் கல்லூரியிலோ பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரி ஆவணக் காப்பகத்திலோ ஒப்படையுங்கள்.